அளவுக்காரரின் சட்டை

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினான்கு வீட்டுத் தோட்டங்களும் நடுவிலிருந்த ரோஜாப் பாத்தியும் அவர் பொறுப்பு. மற்ற தோட்டக்காரர்கள் பூஞ்சை மருந்தை ஒரு மூடி, அரை மூடி என்று கண்ணளவில் கொட்டிக் கலக்குவார்கள். இவர் பையில் ஒரு சின்ன மின்தராசு எப்போதும் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு இருபது கிராம் என்றால் இருபதுதான். இருபத்தொன்று காட்டினால் கரண்டி நுனியால் கிள்ளி எடுத்துவிடுவார்.

"ஒரு கிராம்ல என்னய்யா குடி முழுகிடப் போவுது?" என்று யாராவது கேட்டால், "கூடினா இலை கருகும், கொறஞ்சா பூஞ்சை பழகிக்கும். ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது நான்தானே?" என்பார்.

அந்த வருஷம் அவருக்கு அலுத்துப் போயிருந்தது. கோடையிலும் மழை விட்டபாடில்லை. ரோஜா இலைகளில் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளித்து, கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வழக்கமாக மஞ்சள் பொடி ஒரு முறை, வெள்ளைப் பொடி ஒரு முறை என்று மாற்றி மாற்றி அடிப்பார். இந்த மழையில் கடைக்கு வெள்ளைப் பொடி வந்து சேரவே இல்லை. பத்து நாளுக்கொரு தடவை மஞ்சளையே அடிக்க வேண்டியதாயிற்று. முட்டி வலியோடு குனிந்து, ஒவ்வொரு இலையின் அடிப்புறத்திலும் படும்படி தெளித்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

வீட்டில் அதைவிடப் பெரிய கவலை. அவர் மனைவி தையல்காரி. பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடைச் சட்டைகள் ஒன்பது வருஷமாக அவள் கையால்தான் போய்க்கொண்டிருந்தன. போன வருஷம் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. பிறகு தோல் தடித்து, வெடித்து, கத்தரிக்கோலுக்குள் கட்டைவிரலை நுழைக்க முடியாமல் போனது. நூற்றிருபது சட்டையில் நாற்பதோடு நிறுத்திவிட்டாள். தலைமையாசிரியை வீடு தேடி வந்து, "இந்தத் தடவையும் முடியலைன்னா சொல்லிடும்மா, வேற ஆளைப் பாத்துக்குறோம்" என்று பதமாகத்தான் சொன்னார். பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது.

தோல் மருத்துவர் என்ன வேலை என்று கேட்டார். தையல் என்றாள். நீலத் துணியின் சாயமாக இருக்கும் என்றார். ஒரு மாதம் நீலத்தைத் தொடவில்லை, அரிப்பு போகவில்லை. சோப்பை நாலு தடவை மாற்றினாள். அளவுக்காரர் தன் பங்குக்கு, "மலிவா கெடைக்குதுன்னு கண்ட சோப்பையும் வாங்கினா இப்படித்தான்" என்று ஒருநாள் குத்திக்காட்டினார். அவள் அன்று பூராவும் பேசவில்லை. மழைக்காலத்தில் அரிப்பு அதிகமானபோது, "ஈரம்தான் ஆகலை உனக்கு" என்றார். பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தார். துணி துவைக்கும்போது மட்டும் அவள் அதைக் கழற்றிவிடுவாள். காலர் அழுக்கு கையில் தட்டுப்பட்டால்தான் அவளுக்குத் துவைத்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் காலை ஆறரை மணி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுத் தோட்டத்தில் அளவுக்காரர் தயாராகிக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். காற்று பார்க்க ஒரு குச்சியில் நூல் கட்டி நட்டுவைத்திருந்தார். நூல் ஆடினால் அன்றைக்கு மருந்து கிடையாது. தேனீக்கள் பூவுக்கு வருமுன் முடித்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த இன்னொரு கணக்கு.

வாத்தியார் கையில் எழுத்து அகப்பட்டால் விடமாட்டார். மளிகை கட்டி வரும் காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் கசக்குவார். மருந்துப் பொட்டலத்துக்குள்ளிருந்து விழுந்த துண்டுக் காகிதத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னப்பா, எறும்பு ஊர்ற மாதிரி அச்சடிச்சிருக்கான். நீ இதையெல்லாம் படிச்சிருக்கியா?"

"அளவு பக்கத்தைப் படிப்பேன் சார். மத்தது கண்ணுக்குத் தெரியாது."

"நான் படிக்கிறேன், கேளு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். சரி. மீந்த கலவையைச் சேமிக்கக் கூடாது..."

"மிஞ்சவே மிஞ்சாது சார். வேணுங்கிறதுதான் கலப்பேன்."

"தெரியும்யா, உன் பெருமை. இன்னும் இருக்கு. தெளிக்கும்போது அணிந்த உடைகளை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கவும். துவைப்பவர் கையுறை அணியவும். சிலருக்குத் தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் உண்டாகலாம்." வாத்தியார் கண்ணாடியைத் தாழ்த்தினார். "அடேங்கப்பா, துவைக்கிறவங்களுக்கும் கையுறையாம். உங்க வீட்ல யாருப்பா துவைக்கிறது?"

தராசு இருபது கிராம் காட்டியது. அளவுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொடியை மறுபடி பொட்டலத்தில் கொட்டி வாயை மடித்தார்.

"இன்னைக்குக் காத்து ஜாஸ்தி சார். நாளைக்குப் பாத்துக்கலாம்."

வாத்தியார் குச்சியைப் பார்த்தார். நூல் செத்த பாம்பாகத் தொங்கியது. காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பின்பக்கக் குழாயடியில் இருந்தாள். நேற்றைய சட்டை, போர்வை, அவள் ரவிக்கை எல்லாம் ஒரே வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீரின் மேல் மெலிதாக மஞ்சள் படர்ந்திருந்தது. பதினொரு வருஷமாக அந்த வாளியைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போயிருக்கிறார்.

"கையை எடு."

"என்னங்க, பாதியிலேயே வந்துட்டீங்க?"

"முதல்ல கையை எடும்மா அதுலேர்ந்து."

காகிதத்தில் இருந்ததைச் சொன்னார். அவள் கைகளை முழங்கையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் சொட்டியது.

"தண்ணி மஞ்சளாகுறது எனக்குத் தெரியும். ஏதோ பூத்தூளு ஒட்டிக்கிட்டு வருதுன்னு நெனச்சேன்."

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்றதுக்கு உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே." வாளியைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் தராசு. வீட்டுக்கு மட்டும் கண்ணளவா? சோப்பு வாங்கத் தெரியலைன்னு என்னைச் சொன்னீங்களே."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைக்கப் போனாள். "கண்ணுல படப்போகுது, கழுவிட்டுத் தொடை" என்றார். அதற்கும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் கழுவினாள்.

மறுநாள் காகிதத்தோடு மருத்துவரிடம் போனார்கள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை நான் முன்னாடியே கேட்டிருக்கணும். உங்க வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேக்காம விட்டுட்டேன்" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்தத் துணிகளை அவள் இனித் தொடவே கூடாது. ஒரு தடவை முறுக்கிக்கொண்ட தோல் அந்தப் பொடியை மறக்காது. ஆறுமா என்று அவள் கேட்டாள். "ஆறலாம். நாள் கணக்கு சொல்ல முடியாதும்மா."

அன்றிலிருந்து அளவுக்காரருக்கு வேலை கூடியது. தோட்டத்திலிருந்து வந்ததும் வெளியிலேயே பூட்ஸைக் கழுவி, துணியை மாற்றி, கையுறை போட்டுக்கொண்டு தனி வாளியில் துவைத்தார். ஒரு சட்டைக்கு மூன்று அலசல். முதுகு கெஞ்சும். மருந்தைக் குறைக்க வேறு வழிகளும் பார்த்தார். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தினார். உள்ளே காற்றுப் புகும்படி கிளைகளைக் கழித்தார். வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீடு வீடாகக் கெஞ்சினார். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு இலைமேலேயே பீய்ச்சினார்கள்.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. தினமும் காலையில் அவள் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டுவாள். அவர் எதையோ நிறுத்துப் பார்ப்பது போல உற்றுப் பார்ப்பார். "இப்படிப் பாத்தா மட்டும் ஆறிடுமா?" என்பாள். மூன்றாவது வாரம் வெடிப்புகள் மூடத் தொடங்கின. ஐந்தாவது வாரம் ஒரு மாலை, வேலை முடிந்து வந்தவருக்குத் தையல் மிஷின் சத்தம் கேட்டது. நின்று நின்று, இளைப்பாறி இளைப்பாறி ஓடியது.

ஒரு பை தைத்திருந்தாள். வாயில் கயிறு கோத்த கெட்டித் துணிப் பை. தையல் அங்கங்கே கோணியிருந்தது.

"உங்க மருந்துத் துணியைக் கழட்டி இதுல போடுங்க. பையோட தூக்கி வாளியில கவுத்துடலாம். வீட்டுக்குள்ள பொடி உதிராது."

அவர் வாங்கி விரித்தார். "ரொம்பப் பெருசா இருக்கே."

"பெருசாவே இருக்கட்டும். உங்க அளவு லட்சணத்தைப் பாத்தாச்சு."

பிறகு விரல்களை மெல்ல மடக்கி நீட்டியபடி சொன்னாள்: "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போய்த் துணி வாங்கிட்டு வாங்க. அறுபதுக்கு மட்டும். டீச்சர்கிட்ட பேசிட்டேன்."

"மீதி அறுபது?"

"மீதிக்கு வேற ஆளு. அடுத்த வருஷம் யாருக்குன்னு அடுத்த வருஷம் பாப்பாங்களாம்." கத்தரிக்கோலை மூடி வைத்தாள். "அறுபதுக்குத்தான் இப்போ என்கிட்ட கை இருக்கு."

அளவுக்காரர் தலையாட்டினார். பையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அன்றைய சட்டையை அதில் போட்டு, கயிற்றைப் பிடித்து வாளியில் கவிழ்த்தார். தண்ணீர் மஞ்சளாயிற்று. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மெதுவாகக் குந்தினார்.