மழலை விற்ற பத்மஜா

என் தம்பி ஆனந்தகுமாரின் மனைவி பத்மஜாவைப் பற்றி நல்லதாக எழுத ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். சாம்பார் நன்றாக வைப்பாள். அவ்வளவுதான்.

மாரேட்பள்ளியில் எனக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. கல்யாணத்துக்கு முன் டிவியில் தலைகாட்ட அலைந்து, மூன்று இடத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அந்த ஆசையை மகள் ஹர்ஷிதாவின் தலையில் இறக்கினாள். ஆறு வயதில் குழந்தைக்கு 'ர' வராது. 'ல' என்றுதான் வரும். தமிழ் சீரியல்களைத் தெலுங்கில் டப்பிங் செய்யும் ஒரு ஸ்டுடியோவுக்கு அந்த மழலை பிடித்துப்போயிற்று. அதன் பிறகு அவர்கள் சீரியல்களில் எந்தக் குழந்தை அழுதாலும் அது எங்கள் ஹர்ஷிதாவின் குரல்தான்.

ஒன்பது வயதிலும் 'ர' வரவில்லை. பள்ளியில் பிள்ளைகள் "லாலா" என்று கேலி செய்தார்கள். டீச்சர் சொன்னதால் தம்பி பேகம்பேட்டில் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரிடம் நேரம் வாங்கினான். பத்மஜா போன் செய்து அதை ரத்து செய்துவிட்டாள். நானே போய்க் கேட்டேன்.

"நக்கோ அக்கா, வேண்டாம். அது சரியாயிட்டா இவளை யாரு கூப்பிடுவாங்க?"

"குழந்தை ஸ்கூல்ல அழறா, பத்மஜா."

"அழட்டுமே. அழுகை சீனுக்கு நல்லதுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். என் தம்பி பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். அவனையும் நான் மன்னிக்கவில்லை.

ஹர்ஷிதா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் 'ரயில், ரம்பம், ரோஜா' என்று வருடக்கணக்கில் சொல்லிப் பழகியிருக்கிறாள். அது எங்களுக்குத் தெரிய அவளுக்குப் பதின்மூன்று வயது ஆகவேண்டியிருந்தது.

அன்று ரெக்கார்டிங்குக்கு என்னையும் பத்மஜா இழுத்துப் போயிருந்தாள். திரையில் ஐந்து வயதுக் குழந்தை, அப்பாவைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கெஞ்சுகிறது. மைக் முன் நின்ற ஹர்ஷிதா, "நான்னா, தொந்தரகா ரா," என்றாள். இரண்டு 'ர'வும் கண்ணாடி போலத் தெளிவாக விழுந்தன.

"ஏய், ஒழுங்கா சொல்லுடி!" என்று பத்மஜா கத்தினாள்.

"ஒழுங்காதான் சொன்னேன் மம்மி. இகமீத நேனு ரானு."

இனி வரமாட்டேன் என்று அர்த்தம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார், மறுநாள் ஒளிபரப்பு. பத்மஜா மகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சார், நானே பேசறேன்," என்று உள்ளே ஓடினாள். "நான்னா, தொந்தலகா லா!" நாற்பது வயதுத் தொண்டையிலிருந்து அச்சு அசல் குழந்தைக் குரல். டைரக்டர் கைதட்டினார். நான் ஹர்ஷிதாவை ஆட்டோவில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

நான்கு வருடமாக அவள் என்னோடுதான் இருக்கிறாள். பத்மஜாவுக்கு இப்போது ஓய்வே இல்லை. மூன்று சீரியல்களில் அவள்தான் குழந்தை. அபார்ட்மெண்ட் விழாவில் மேடையேறி, கொஞ்சிக் கொஞ்சிப் பேசிக் காட்டுகிறாள். கூட்டம் சிரிக்கிறது. அது பாராட்டு என்று நினைக்கிறாள்.

போன மாதம் ஹர்ஷிதாவுக்குக் கடுமையான காய்ச்சல். பார்க்க வந்த பத்மஜா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இருமறாளே அக்கா, எனக்கும் ஒட்டிக்குமோ? நாளைக்கு ரெக்கார்டிங் இருக்கு," என்றாள். மாதுளைப் பையை என் கையில் திணித்துவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டாள்.