எச்சில் கேட்டு வரும் சந்தனமேரி

வந்த காபியை ஜன்னல் திட்டில் வைத்து, மேலே ஒரு தட்டால் மூடிவிடுகிறார் சந்தனமேரி. அவர் குடித்தால் துணைக்குக் காபி கொடுத்த வீட்டு மனிதரும் குடிப்பார். குடித்துவிட்டால் அரைமணி நேரத்துக்கு அந்த மனிதரின் எச்சில் ஆராய்ச்சிக்கு உதவாது. "குடிக்காமப் போக மாட்டேங்க ஐயா. நீங்க மொதல்ல இந்தக் குப்பியில துப்பிக் குடுங்க" என்கிறார். பிறகு ஆறி ஆடை படிந்த காபியை, ஆடையையும் சேர்த்து ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறார். அன்னவாசல் பக்கம் அவருக்குச் சூடான காபி கிடைத்து வருடங்கள் ஆகியிருக்கும்.

திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வயது நாற்பத்தைந்து, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் வரும் புற்றுநோய் சில குடும்பங்களை மட்டும் அப்பா, மகன், பேரன் என்று ஏன் துரத்துகிறது? எச்சிலில் இருக்கும் மரபணுவைப் படித்து அதைத்தான் தேடுகிறார்.

ஆய்வுக்கூட வேலையைக் காட்டிலும், வீடுகளில் பேச வைப்பதுதான் பெரும்பாடு. அந்த இடத்து நோயைப் பற்றி எந்த ஆண் ஒரு பெண்ணிடம் வாய் திறப்பான்? அதனால் அவர் ஆண்களைப் பற்றிப் பேச்சை ஆரம்பிப்பதே இல்லை. கூடப்பிறந்த பெண்களைப் பற்றிக் கேட்கிறார். பெண்களுக்கு மார்பில் கட்டியாக வருவதும், ஆண்களுக்கு அங்கே வருவதும் சில வம்சங்களில் ஒரே மரபணுப் பிழையால்தான். குடுமியான்மலைக்கு அருகே மலையாண்டி என்பவர், "எங்க வம்சத்துல அந்த மாதிரி சீக்கெல்லாம் கெடயாது தாயி" என்று மீசையைத் தடவினார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "ஒங்க அக்கா ரெண்டு பேரும் எதுல போனாகளாம்? மாருல கட்டி வந்துதான?" மீசையிலிருந்து கை இறங்கிவிட்டது. சந்தனமேரி சிரிக்கவில்லை. குப்பியை நீட்டினார்.

இத்தனை வீட்டு வாசல் ஏறியவருக்கு ஒரு வீடு மட்டும் திறக்கவில்லை. விராலிமலையில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருக்கும் சொந்த அண்ணன் சார்லஸின் வீடு அது.

அவர்களுடைய அப்பா அந்தோணிமுத்து ஆவூர்ப் பக்கம் வாத்தியாராக இருந்தவர். இடுப்பு வலியை வாயு என்று சொல்லியே நாளைக் கடத்தினார். நோய் இன்னதென்று தெரிந்தபோது அது எலும்பு வரை போய்விட்டிருந்தது. படுத்த படுக்கையில் மகளிடம் அவரே குப்பியைக் கேட்டு வாங்கினார். அவருடைய மரபணுவில் இருந்த பிழை மகளிடமும் இருக்கிறது. அதனால் வருடம் தவறாமல் தன் மார்பை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்கிறார். அண்ணனுக்கும் அது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. இருக்கிறதென்று தெரிந்தால் இப்போதிருந்தே கண்காணித்து, நோய் முளைக்கும்போதே பிடித்துவிடலாம்.

ஐம்பதைத் தாண்டிய அண்ணனோ மகள் ஏஞ்சலுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார். குடும்ப வியாதி என்று ஊரில் ஒரு சொல் கிளம்பினால் போதும், பேசிய சம்பந்தம் முறிந்துவிடும். "அவ கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அந்தக் குப்பிப் பையோட இங்கிட்டு வராத மேரி" என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் வீட்டில் இதே வார்த்தையைக் கேட்டால் சிரித்துக்கொண்டே திரும்புகிறவர், அன்று ஸ்கூட்டியை ஓட்டக்கூடத் தோன்றாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே நடந்தாராம்.

போன ஞாயிறு, பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அவரைப் பற்றி எழுத வந்த நானும் உடன் போயிருந்தேன். பையை ஸ்கூட்டியிலேயே விட்டிருந்தார். இலை போடுவதற்குள் ஏஞ்சல் வெளியே போய் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு குப்பியைக் கையில் எடுத்தாள்.

"அத்தை, எனக்குப் பாருங்க."

"ஏஞ்சல், அதக் கீழ வை" என்றார் சார்லஸ்.

"நீங்க குடுக்க வேணாம்ப்பா. எனக்கு இருந்துச்சுன்னா ஒங்களுக்கும் இருக்குன்னு அர்த்தம். ஒங்க வழியாத்தான எனக்கு வந்திருக்கும்."

"மாப்ள வீட்டுல கேட்டா?"

"நானே சொல்லிக்கிறேன். வேணாம்னா போகட்டும். அவுகளுக்கு வேற பொண்ணு கெடைக்கும். எனக்கு வேற அப்பா கெடைப்பாரா?"

சார்லஸ் எழுந்து வந்து, மகள் கையிலிருந்த குப்பியை வாங்கிக்கொண்டார். டயரைக் கழற்றிப் பழகிய அந்த முரட்டு விரல்களுக்குச் சின்ன மூடி திருக வரவில்லை. சந்தனமேரி அண்ணன் கையோடு சேர்த்துக் குப்பியைப் பிடித்து, மூடியைத் திறந்தார். திறந்த பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை.