ஸ்கேனரின் கண்ணில் சந்தனம்

1. பலாபத்வலையில் நான் பில் போடும் வாசனைப் பொருள் கடைக்குக் கம்பியில்லாத ஸ்கேனர் ஒன்று வந்தது, பக்கட்டுகளின் பார்கோடை வாசிப்பதற்கு.
2. அன்று ஆயுத பூசை. தராசு, கல்குலேட்டர், பிரின்டர் வரிசையில் அதையும் வைத்து முதலாளியம்மா சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்.
3. மறுநாள், சனிக்கிழமை, அது கணினியோடு இணையவில்லை.
4. முதலாளி கண்டியில் ரிப்பேர் பார்க்கும் யாரோ ஒருவரின் எண்ணைப் போனில் தேடினார்.

"நானே பார்க்கிறேங்க முதலாளி" என்றேன். கணினி வன்பொருளில் டிப்ளோமா முடித்தவள் நான்.

"இது மெஷின் வேலைம்மா. பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி அந்தத் தம்பியக் கூப்பிடுவேன். பில்லையும் அவரே பார்த்துக்கட்டும். நீ திங்கக்கிழமை மிளகுப் பக்கம் போ."

மிளகு புடைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "வா தங்கச்சி, ஒனக்கு ஒரு சொளகு எடுத்து வச்சிருக்கேன்."

"அதையும் நீங்களே வச்சிக்குங்கக்கா. கைக்கு ஒண்ணு."

வரிசையாகப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது. கணினியில் செருகிய சிறிய ரிசீவரின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அது ஸ்கேனரைத் தேடுகிறது என்று அர்த்தம். கையேட்டில் அச்சடித்திருக்கும் குறியை ஸ்கேனர் ஒரு தடவை வாசித்தால் இரண்டும் சேர்ந்துவிடும். அந்தக் குறிக்கு நேரே பிடித்து மூன்று முறை விசையை அழுத்தினேன். சத்தமில்லை. திருப்பிப் பார்த்தேன். வாசிக்க வேண்டிய கண்ணாடியின் மேல் சந்தனம் தடிப்பாகக் காய்ந்திருந்தது.

ஈரத் துணியை எடுத்ததும் முதலாளியம்மா ஓடி வந்தார்.

"ஐயையோ, பூசைப் பொட்ட அழிக்கப் போறியா? அது தானா உதிரணும்!"

"உதிர்ற வரைக்கும் இது ஒண்ணையும் வாசிக்காதுங்கம்மா."

"அப்ப கண்டித் தம்பியே வந்து பார்க்கட்டும்."

"அவரும் வந்து இதத்தான் தொடைப்பாரு. அவரு தொடைச்சா ரிப்பேரு, நான் தொடைச்சா பாவமா?"

துடைத்தேன்.

குறியை நோக்கி அழுத்தினேன். பீப். ரிசீவரின் விளக்கு மின்னாமல் நின்று எரிந்தது. ஒரு கறுவாப் பட்டைப் பக்கட்டைக் காட்டினேன். திரையில் அதன் பெயர் வந்தது. முதலாளி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, ஸ்கேனரின் கைப்பிடியில் நானே ஒரு பொட்டு வைத்தேன். "இங்க இருக்கட்டும்மா. இங்க கண்ணு இல்ல."

இப்போது நிலைமை இதுதான்: ஸ்கேனர் வாசிக்கிறது. முதலாளியம்மா என்னோடு பேசுவதில்லை. நான் கணினி மேசையில்தான் இருக்கிறேன்.