ஆடினது மேல இருந்த சாட்டிலைட்டு

மேல இருக்கற சாட்டிலைட்டு ஒரே எடத்துல நிக்குதுன்னுதான் நான் ரொம்ப காலம் நெனச்சிருந்தேன். ஆகாசத்துல யாரோ ஆணி அடிச்சு மாட்டி வெச்ச மாதிரி. நான் அப்படி நெனச்சதுல ஒரு மனுசனோட வேலை போச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன். நேரா சொல்லி எனக்குப் பழக்கமில்லை, கொஞ்சம் சுத்திட்டுத்தான் வருவேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில கேபிள் டிவி வந்த புதுசு. தொண்ணூறுகள். அதுக்கு முன்னாடி நான் பஜார் ரோட்டு கொடவுனுங்களுக்கு ஓடு மாத்திட்டிருந்தேன். சுக்கும் மிளகும் அடுக்கி வெச்சிருக்கற கொடவுன். ஜூன்ல எறங்கற எடவப்பாதி மழைக்கு முன்னாடி ஓடு பாத்தாகணும். ஒரு சொட்டு ஒழுகினாலும் சுக்குல பூஞ்சை ஏறிடும், சரக்குக்காரன் நம்மளைப் பெத்தவ வரைக்கும் இழுத்து ஏசுவான். பள்ளிக்கூடப் படி நான் மிதிச்சதில்லை. ஆனா ஒசரத்துக்குப் பயம் கிடையாது. கேபிள் முதலாளி மொட்டை மாடியில பன்னெண்டு அடி டிஷ் வைக்க என்னைக் கூப்பிட்டதே அதுக்காகத்தான்.

நம்ம ஊர்ல அந்தப் பெரிய டிஷ் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும். ஆகாசத்துக்கு வாயைத் தொறந்த மாதிரி. மழை வந்தா தண்ணி நிக்கும், காக்கா வந்து குளிச்சிட்டுப் போகும். கம்பெனிக்காரன் அதை யோசிக்கலை. நாங்கதான் அடியில துளை போட்டோம்.

நாங்கன்னா நானும் இன்னொருத்தனும். காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நான், அதுக்கப்புறம் அவன். எங்க ஆளுதான். எங்க ரெண்டு பேரு குடும்பமும் தாத்தா காலத்துல தமிழ்நாட்டுலேர்ந்து முனிசிபாலிட்டி வேலைக்கு இங்க வந்தது. என்னை விட பத்து வயசு சின்னவன், கல்யாணமானவன். வேலையில என்னை விடக் கெட்டிக்காரன். இதை இப்ப சொல்றேன், அப்ப சொன்னதில்லை. நான் ஸ்பேனரை வெச்சு அரை மணி நேரம் திருகி எடுக்கற படத்தை அவன் காதை டிஷ்ஷோட தண்டுல வெச்சுக் கேக்கறவன் மாதிரி நின்னு ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவான்.

அப்ப ஒரு தமிழ் சேனல் வந்துச்சு. ஏதோ ஒரு பழைய சாட்டிலைட்டுல வந்துட்டிருந்தது. முதலாளிக்கு அதுல இஷ்டமில்லை. எங்க லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேந்து ஆபீஸ் வாசல்ல போய் நின்னாங்க. அதுக்கப்புறம்தான் அதுக்குன்னு தனியா ரெண்டாவது டிஷ் வெச்சாரு. அந்த டிஷ்ஷுக்கு நானே பொறுப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருந்தேன். கொஞ்சம் பெருமைதான்.

முதல் கொஞ்ச நாள் படம் நல்லா வந்துச்சு. ஓணம் நெருங்கறப்ப தொல்லை ஆரம்பிச்சுது. சாயங்காலம் ஏழு மணிக்கு நாடகம் வர்ற நேரம் பாத்துப் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. தண்ணிப் பைப்புகிட்ட பொம்பளைங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"என்ன அண்ணே, கல்யாண சீன்ல மழை பெய்ற மாதிரி அரிசி கொட்டுது. பொண்ணு யாரு, மாப்ள யாருன்னே தெரியலை?"

"மாமியா மூஞ்சி மட்டும் தெரியாம இருந்தா நல்லதுதான்டி" அப்படின்னா இன்னொருத்தி.

எனக்குச் சிரிப்பு வரலை. காலையில போய் மேல ஏறிப் பாத்தா, அப்பவும் புள்ளி. போல்டை லூஸ் பண்ணி ரெண்டு மரை திருப்பினா படம் கண்ணாடி. இறுக்கிட்டு வந்தேன். மறுநாள் காலையில பாத்தா மறுபடி கெட்டுக் கிடக்கு. நான் வைக்கறேன், யாரோ கலைக்கறாங்க. எனக்கப்புறம் அங்க ஏறுறது ஒருத்தன்தானே? படகுக்கு அடிக்கற செவப்புப் பெயிண்ட் கொஞ்சம் எடுத்து, போல்டும் தண்டும் சேர்ற எடத்துல ஒரு கோடு இழுத்து வெச்சேன். அடுத்த நாள் காலையில கோடு ரெண்டா பிரிஞ்சு ஒரு விரல் தள்ளி இருந்துச்சு.

அவன் மத்தியானம் வந்ததும் கேட்டேன். "போல்டைத் தொட்டியா?"

"தொட்டேன். படம் போச்சு, திருப்பினேன்."

"காலையில நான் கண்ணாடி மாதிரி வெச்சிட்டுப் போனேன்டா."

"சாயங்காலம் கண்ணாடி ஒடஞ்சு போச்சுண்ணே."

ஆபீஸ்ல சினிமா கேசட் போடற பையனுங்க சிரிச்சாங்க. எனக்கு மொகம் கறுத்துடுச்சு. அவன் அதைப் பாத்துட்டுக் கொஞ்சம் எறங்கி வந்தான்.

"அண்ணே, நான் தினம் பாக்கறேன். டிஷ் ஆடலை. மேல இருக்கறதுதான் ஆடுது. சாயங்காலம் ஒரு பக்கம் போகுது, காலையில திரும்புது."

"ஆமா, உங்கப்பன் மேல ஊஞ்சல் கட்டி விட்டிருக்கான்."

இப்ப சிரிப்பு அவன் பக்கம் திரும்பிச்சு. எனக்கு அது போதும்னு தோணியிருக்கணும். தோணலை. அந்த வருஷம் எனக்கு ஏழரைச் சனின்னு ஜோசியன் சொல்லியிருந்தான். நான் சனியை ஆகாசத்துல தேடலை, எனக்கு அடுத்த ஷிப்டுல தேடினேன்.

முதலாளியை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கோட்டைக் காட்டினேன். "எந்தா அண்ணாச்சி, இதுக்கொரு சத்தியம் பண்ணுவீங்களா?" அப்படின்னாரு. ஆபீஸ்ல ஒரு அம்மன் படம், ஒரு சின்ன விளக்கு. தொட்டுச் சத்தியம் பண்ணினேன். காலையில நான் இறுக்கினதை இவன்தான் திருப்பினான்னு. அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவன்தான் திருப்பினான், அவனே ஒத்துக்கிட்டான். அந்தச் சத்தியத்தை நெனச்சா எனக்கு இன்னிக்கும் அதுதான் புரியாது. சொன்னது அத்தனையும் நெசம், நடந்தது அநியாயம்.

"நாளெ முதல் வரண்டா" ன்னு முதலாளி அவன்கிட்ட சொன்னாரு. இனிமே வர வேண்டாம்னு. அவன் ஸ்பேனரை ஆணியில மாட்டிட்டு, என்னை ஒரு தடவை பாத்துட்டு எறங்கிப் போயிட்டான்.

அன்னிக்குச் சாயங்காலமும் நானே நின்னேன். ஏழு மணி. கீழ டிவியில படம் மெல்ல மெல்லப் புள்ளியாச்சு. மேல ஏறினேன். யாரும் தொடலை. காலையில இறுக்கிட்டுப் புதுசா போட்ட கோடு பிரியாம ஒட்டினபடி இருக்கு. ரெண்டு மரை திருப்பினேன். படம் வந்துடுச்சு.

அப்பவே எறங்கிப் போயிருக்கணும். அவன் வீடு ஒரு கூப்பிடு தூரம். நான் என்ன பண்ணினேன்னா, பாக்கெட்ல இருந்த பிளேடை எடுத்து அந்தப் பெயிண்டைச் சுரண்டினேன். துளி கூட இல்லாம.

அதுக்கப்புறம் தினம் ரெண்டு தடவை நானே ஏறித் திருப்பினேன். யாருக்கும் சொல்லலை. படம் இப்ப நல்லா இருக்குன்னு முதலாளி என்னைத்தான் மெச்சினாரு. பைப்புகிட்ட பொம்பளைங்க, "அவன் போனப்புறம்தான் சேனலுக்கு விமோசனம்" அப்படின்னாங்க. நான் குடத்தைப் பாத்துட்டு நின்னேன். ஒன்னு மட்டும் கவனிச்சேன். படம் கெடற நேரம் கொஞ்சங் கொஞ்சமா முன்னாடி வந்துட்டே இருந்துச்சு. ஓணத்துக்கு ஏழு மணிக்குக் கெட்டது, கிறிஸ்துமஸுக்கு மத்தியானச் சோத்து நேரத்துக்கு வந்துடுச்சு. மனுசன் பண்ற வேலைன்னா இப்படி நேரம் நகருமா? அதுவும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாய் தொறக்கலை.

ஒரு வருஷம் கழிச்சு, ரிட்டையர் ஆன ஒரு காலேஜ் மாஷு வீட்டுக்குக் கேபிள் மாத்தப் போனேன். மாஷுன்னா இங்க வாத்தியாரு. கொங்கணிக்காரரு, மெட்ராஸ்ல படிச்சவரு, நல்லாத் தமிழ் பேசுவாரு. மாடியில வெச்சு, யாரோ சொன்ன மாதிரி கேட்டேன். "மாஷே, இந்த சாட்டிலைட்டு ஆடுமா?"

"முதல்ல அது ஏன் விழலைன்னு கேளுங்க அண்ணாச்சி" அப்படின்னாரு. "அது விழுந்துட்டேதான் இருக்கு."

கைப்பிடிச் சுவர்ல உக்காந்துட்டுச் சொன்னாரு. "இங்கேர்ந்து கெழக்கால ஒரு கல்லு எறியுங்க. கொடவுன் ஓட்டுல விழும். இன்னும் வேகமா எறிஞ்சா காயல்ல விழும். அதை விட வேகமா எறிஞ்சா காயல் நடுவுல இருக்கற ஐலண்டு, எரணாகுளம், உங்க தமிழ்நாடு. பூமி உருண்டைதானே? ஒரு அளவு வேகத்துக்கு மேல போச்சுன்னா, கல்லு எவ்வளவு விழுதோ அவ்வளவு பூமியும் வளைஞ்சு கீழ போயிடும். கல்லுக்குத் தரை கெடைக்காது. சுத்திக்கிட்டு மேற்கால ஃபோர்ட் கொச்சிக் கடல் பக்கமா வந்து உங்க பின்மண்டையில அடிக்கும். காத்து தடுக்காட்டித்தான்."

"ஓடற வேகம் நின்னா?"

"விழும். பூமி இழுக்கறது நின்னா நேரா எங்கேயோ போயிடும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் சுத்தும். கிட்ட இருக்கறதைப் பூமி பலமா இழுக்கும், அதனால அது வேகமா ஓடியாகணும். தூரத்துல இருக்கறது மெதுவாப் போனாப் போதும். நம்ம டிவி சாட்டிலைட்டு இருக்கற தூரத்துல ஒரு சுத்துக்கு ஒரு நாள் ஆகும். பூமியும் ஒரு நாள்ல ஒரு சுத்து. கூடவே ஓடுது, அதனால நமக்கு நிக்கற மாதிரி இருக்கு. நெலா இன்னும் தூரம், அதுக்கு மாசம் வேணும்."

நான் வாய் தவறி, "அப்ப சனி?" ன்னேன்.

அவர் சிரிச்சாரு. "அது சூரியனைச் சுத்துது. ரொம்பத் தள்ளி இருக்கு, சூரியன் பிடி அங்க கொறச்சல், அதனால நடை மெதுவு. ஒரு சுத்து வர முப்பது வருஷம். அதுக்கு உங்க வீட்டு விலாசம் தெரியாது அண்ணாச்சி."

அப்புறம் நான் கேட்டதுக்கு வந்தாரு. படகு வந்து நிக்கற ஜெட்டியில, ஏறி எறங்கப் போடற பலகை காலையில மேல ஏறியும் சாயங்காலம் கீழ எறங்கியும் இருக்கே, அந்தத் தண்ணியை இழுக்கற நெலாவும் சூரியனும் சாட்டிலைட்டையும் இழுக்குமாம். இழுத்து இழுத்து அதோட பாதை சாஞ்சுடும். அதை நேராக்க உள்ள கொஞ்சம் எண்ணெய் வெச்சிருப்பாங்க. பழசாகி எண்ணெய் தீர்ற நெலமைக்கு வந்தா, மிச்சத்தைச் சேத்து வைக்க நேராக்கறதை விட்டுடுவாங்க. அப்ப அது தினம் ஒரு தடவை வடக்கும் தெக்குமா ஆடும். அது வெயிலைப் பாத்து நேரம் வெச்சுக்காது, நச்சத்திரத்தைப் பாத்து வெச்சுக்கும், அதனால தினம் நாலு நிமிஷம் முந்தி வரும்னாரு.

வடக்கும் தெக்கும். ஊஞ்சல்னு சொல்லி அவனை நான் கேலி பண்ணினது அதைத்தான்.

கேபிளைச் சுருட்டிட்டு எறங்கி வந்தேன். அன்னிக்காவது போயிருக்கலாம். அதுக்குள்ள அவன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருந்தான். எங்க போனான்னு கேட்டா கெடைச்சிருக்கும். நான் கேக்கலை. வேலையைக் கெடுக்கறவன்னு பேரு பரவி, வேற எந்தக் கேபிள்காரனும் அவனை எடுக்கலைன்னு மட்டும் காதுல விழுந்துச்சு. சேனலும் புது சாட்டிலைட்டுக்கு மாறிடுச்சு. டிஷ்ஷைத் திருப்ப வேண்டிய வேலை தீந்துச்சு. தீந்ததும் மறந்துடலாம்னு பாத்தேன்.

ரெண்டாயிரத்துக்கு மேல ஜன்னலுக்கு ஜன்னல் சின்ன டிஷ் வந்து எங்க ஆபீஸை மூடினாங்க. கையில வேலை இல்லாதப்பத்தான் மனசு மேல ஏறி உக்காந்துக்குது. அவன் திருப்பூணித்துறையில பேன், மிக்ஸி ரிப்பேர்க் கடை வெச்சிருக்கான்னு தெரிஞ்சு பஸ் ஏறினேன்.

பேனுக்குக் காயில் சுத்திட்டிருந்தான். தலை நரைச்சுப் போச்சு. "வாங்கண்ணே" ன்னான், நேத்துப் பாத்தவன் மாதிரி. எதிர்க் கடையிலேர்ந்து சாயா சொன்னான். நான் பஸ்ஸுல அடுக்கி வெச்சிட்டு வந்த பேச்சு எல்லாம் கலைஞ்சு போச்சு.

"அந்த டிஷ்... ஆடினது சாட்டிலைட்டுதான்டா. நீ சொன்னதுதான் சரி."

"தெரியும்ணே."

"எனக்கும் அன்னிக்குச் சாயங்காலமே தெரிஞ்சுடுச்சு."

"அதுவும் தெரியும்." கம்பியை விடாமச் சுத்திட்டே சொன்னான். "என் வீட்டுலயும் கனெக்சன் இருந்துச்சே. ஏழு மணிக்குப் படம் போகும். கொஞ்ச நேரத்துல திரும்பி வரும். பொண்டாட்டிகிட்டச் சொல்லுவேன், இப்ப அண்ணன் ஏணி ஏறிட்டாரு, இப்ப லூஸ் பண்றாரு, இப்ப இறுக்கிட்டாருன்னு. அவ சிரிப்பா. நாளைக்கு வந்து சொல்லிடுவாருன்னு நானும் சிரிச்சேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் வீட்டைக் காலி பண்ணாம இருந்தேன்."

நான் சாயா கிளாஸைக் கீழ வெச்சேன். "இப்ப சொல்றேன்டா. யார்கிட்ட சொல்லணும் சொல்லு. முதலாளிகிட்டப் போறேன்."

"அவரு எனக்கெதுக்கு?" கத்தரியை எடுத்துக் கம்பியை வெட்டினான். "என் மாமனாருதான் கால்ல விழாத கொறையா அந்த வேலையை வாங்கித் தந்தாரு. நான் என்னவோ குளறுபடி பண்ணித்தான் தொரத்திட்டாங்கன்னு அவருக்கு. அதுக்கப்புறம் என் வீட்டுல கை நனைக்கலை. நான் எவ்வளவோ சொன்னேன். மேல இருக்கறது ஆடுச்சுன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு. உங்க மேல அவருக்கு மரியாதை."

அவன் மாமனாரை எனக்குத் தெரியும். ஜெட்டிகிட்ட சாயங்காலம் உக்காந்திருப்பாரு. எத்தனையோ நாள் அவர் பக்கத்துல உக்காந்து மீன் வெலை பேசியிருக்கேன். ஆபீஸை மூடினப்புறம் நான் அந்தப் பக்கம் போகலை.

"அவரைப் பாத்துச் சொல்றேன்" ன்னு எழுந்துட்டேன்.

"உக்காருங்கண்ணே. போன கர்க்கடக மாசத்துல அவரு போய்ச் சேந்துட்டாரு."

அவன் அடுத்த காயிலை எடுத்துச் சுத்த ஆரம்பிச்சான். ஒரு பொம்பளை வந்து மிக்ஸி ரெடியாச்சான்னு கேட்டா, நாளைக்கு வாங்கன்னு சொன்னான். நான் ரெண்டு கிளாஸையும் எடுத்துட்டுப் போய் எதிர்க் கடையில வெச்சேன். திரும்பி வந்து இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன்.