குளிருக்கு அரை டம்ளர்

என் தங்கை மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவளைக் கீழே கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். எதுவும் மண்டையில் ஏறவில்லை, மற்ற பிள்ளைகளையும் கெடுக்கிறாள் என்பது அவர்கள் குறை. பொய் என்று சொல்ல முடியாது. நேற்று கடகடவென்று ஒப்பித்த வாய்ப்பாட்டை இன்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். சோப்பும் உப்பும் தீப்பெட்டியும் வாங்கி வரச் சொன்னால் சோப்பு மட்டும் வரும். சில நாள் அதுவும் வராது. யார் வீட்டு நாய்க்குட்டியுடனாவது உட்கார்ந்திருப்பாள். திட்டினால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு அடி விழும்.

தங்கை கோத்தகிரி போகிற வழியில் கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கேயே ஃபேக்டரியில் வேலை. நான் ஊட்டி காந்தலில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் அந்தப் பெண்ணைப் பாதி பெற்றவள் நான் என்றுதான் எனக்கு நினைப்பு. விடுதி என்ற பேச்சைக் கேட்டதும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எட்டு வயசுப் புள்ளைய பஸ் ஏத்தி அனுப்பிட்டு உனக்குச் சோறு எறங்குமாடி?"

"தெனம் அடிச்சு அடிச்சு எனக்கே அலுத்துப்போச்சுக்கா. அங்கயாவது அடிக்காமப் பாத்துக்குவாங்க" என்றாள் தங்கை.

என் கடைக்குச் சுடிதார் தைக்க வரும் ஒரு நர்ஸ்தான், குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் ஊட்டிக்கு வருவதாகச் சொன்னாள். தங்கை, அவள் வீட்டுக்காரர், பிள்ளை, நான் என்று நால்வருமாகப் போனோம்.

அந்த அம்மா மாத்திரை எதுவும் எழுதவில்லை. உயரம், எடை பார்த்துவிட்டு நாடாவை எடுத்துத் தலையைச் சுற்றி அளந்தார். நாடா பிடிப்பது என் பிழைப்பு. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு சின்ன அளவுகோலைக் கண்ணருகே வைத்து, கண் திறப்பு எவ்வளவு நீளம் என்று பார்த்தார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருக்குமே, அது இவளுக்கு வழவழவென்று மட்டமாக இருந்தது. மேலுதடும் மெல்லிசு. எங்களுக்கு அது அவள் முகம், அவ்வளவுதான். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்தடுத்த முறை போனபோது காது கேட்கிறதா என்று சோதித்தார்கள். வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு அம்மா கட்டைகளும் படங்களும் வைத்து அவளோடு மணிக்கணக்கில் விளையாடினார். எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா தங்கையிடம் மெதுவாகக் கேட்டார்.

"மாசமா இருக்கறப்ப குடிக்கற பழக்கம் ஏதாச்சும் இருந்துதுங்களா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. சிலோனிலிருந்து வந்த தோட்டத்துக் குடும்பம் எங்களுடையது. எஸ்டேட் வரிசை வீட்டில், லயத்தில், இருக்கிறவன் என்றாலே குடிகாரன் என்ற பேச்சை நாங்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்.

"ஏனுங்க, எஸ்டேட்டுல இருந்து வந்தா குடிகாரங்கன்னு முடிவே பண்ணிட்டீங்களா? இந்த மனுசன் கல்யாண வூட்டுல பாட்டிலைப் பாத்தாலே எந்திரிச்சு வந்துருவாரு. எங்க குடும்பத்துல ஒருத்தரும் தொட்டதில்லைங்க" என்று பொரிந்து தள்ளினேன்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நான் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து, தங்கையின் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மழையில நனைஞ்சுட்டு வேலை முடிஞ்சு வர்றாங்களே, குளிருக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"பிராந்திங்க" என்றார் அவர், யோசிக்காமலே. "வெந்நீர்ல கலந்து நானே குடுப்பேன். மாசமா இருக்கறவ நடுங்கக் கூடாது, வயித்துப் புள்ளைக்கும் குளிரும்னு லயத்துல எல்லாரும் சொன்னாங்க. மொதல்ல ஒரு மூடி. மழை விடவே இல்லை, அப்புறம் அரை டம்ளர். தெனம் சாயங்காலம். இவ வேண்டாம்பா. நான்தான் மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடின்னு குடுப்பேன்."

பெண்டாட்டியை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்கிற குரல் அது. உண்மையும் அதுதான். குடிக்காத மனிதர் அவளுக்காகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒயின்ஷாப்பில் வரிசையில் நின்றிருக்கிறார். எங்கள் லயங்களில் பிராந்தி தைலத்தோடும் காய்ச்சல் மாத்திரையோடும் ஒரே பலகையில் இருக்கும். அதை யாரும் குடி என்று நினைத்ததில்லை, நானும்தான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். தாய் குடிக்கும் மது கருவில் இருக்கும் பிள்ளைக்கும் போகிறது, மூளை உருவாகும் காலத்தில் அதைக் கெடுக்கலாம். முகத்தில் அளந்து பார்த்ததும் அதன் அடையாளத்தைத்தான். எவ்வளவு குடித்தால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் துளியும் வேண்டாம் என்பதுதான் பேச்சு. இது முழுவதும் மாறிவிடாது. ஆனால் இவளுக்குத் தகுந்தபடி சொல்லிக் கொடுத்தால் இவள் கற்றுக்கொள்வாள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை, சின்னச் சின்ன வார்த்தை, வாயால் சொல்வதைக் கையால் காட்டுவது. மறந்தால் திரும்பச் சொல்வது.

"அப்ப இவ திமிர்ல பண்ணலீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

"இல்லைங்க."

"அடிச்சா சரியாகாதுங்களா?"

"ஆகாதுங்க."

தங்கை பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அவள் வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பஸ் ஏறிக் கோத்தகிரி ரோட்டுக்கு வந்தோம். அப்புறம் தங்கைதான், "நீங்க குடுத்தீங்க, நான் குடிச்சேன். தெரிஞ்சா செஞ்சோம்? இனி ஆக வேண்டியதைப் பாப்போம்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

பள்ளிக்கூடத்துக்கு நானும் போனேன், ஒரு கை பார்த்துவிடுவது என்று முந்தானையைச் செருகிக்கொண்டுதான். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்று சொல்லி, பிள்ளையை முதல் பெஞ்சில் தன் கைக்கெட்டும் இடத்தில் உட்கார வைத்தார். சண்டைக்கென்று போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. விடுதிப் பேச்சு அத்தோடு நின்றது. வாய்ப்பாடு இன்னும் தகராறுதான். ஆனால் வீட்டில் அடி இல்லை.

இந்த மழைக்காலத்தில் நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மருமகள், மாசமாக இருப்பவள், நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் பலகையிலிருந்து பாட்டிலை எடுத்தார்கள். தங்கையின் வீட்டுக்காரர் நேராகப் போய் அவர்கள் வாசலில் நின்றார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், லயம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "என் புள்ளைக்கு நான்தான் குடுத்தேன். அதனாலதான் அவளுக்கு இப்படி. நீங்க குடுக்காதீங்க."

அந்த மாமியார் பாட்டிலை மறுபடி மேலே வைத்தாள்.

தங்கை அடுப்பில் சுக்குக் காபி கொதிக்க வைத்து, தூக்குவாளியில் ஊற்றி மூடி மகள் கையில் கொடுத்தாள். "இதை அந்த அக்காகிட்ட குடு." அவ்வளவுதான். பார்த்துப் போ, சிந்தாதே, அங்கேயே நிற்காதே என்று என் வாயில் வரிசையாக வந்ததை எல்லாம் விழுங்கினேன். அவள் ஈர வாசலைக் கடந்து போனாள். வழியில் நாய்க்குட்டி காலைச் சுற்றியது. ஒரு கணம் நின்றாள். அப்புறம் நடந்து போய், வாளியை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஓடி வந்து அம்மா முன்னால் நின்றாள்.

"குடுத்துட்டேம்மா. அடுத்து என்ன?"