பீரங்கி ஊறிய தண்ணீர்

ஸாதர் நகரத்து அருங்காட்சியகப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாகக் கப்பல் இரும்போடு மாரடிக்கிறவள் நெவென்கா. கடலுக்கடியிலிருந்து வந்த இரும்பை வருஷக்கணக்கில் காரநீரில் ஊறப்போட்டு உப்பை இறக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் கண்காட்சிப் பெட்டிக்குள்ளேயே துரு வியர்த்து, பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

நேற்று முளைத்த பொடியன் ஷிமேவுக்குக் கொடுத்தது பீரங்கி. நெவென்காவுக்கு ஒரு வாளி ஆணி. டெலிவிஷன்காரர்கள் வந்தால் பீரங்கித் தொட்டியைத்தான் சுற்றி நிற்பார்கள். அவனும் பல்லைக் காட்டுவான். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும்.

அங்கே ஒரு வழக்கம். தன் தொட்டித் தண்ணீரைத் தானே சோதிக்கக் கூடாது; ஆசை கண்ணை மறைத்துவிடும். அவன் தண்ணீரை அவள் சோதிப்பாள், அவளுடையதை அவன். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, அமிலம் கலந்து வெள்ளி நைட்ரேட் நாலு சொட்டு விட வேண்டும். பாலாக வெளுத்தால் உப்பு இன்னும் இறங்குகிறது. தெளிவாக இருந்தால் இரும்பை வெளியே எடுக்கலாம்.

கோடைக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பீரங்கித் தண்ணீர் தெளிந்துவிட்டது. நெவென்கா குழாயிலிருந்ததைச் சத்தமில்லாமல் சிங்க்கில் கொட்டினாள்.

"என்னக்கா, தேறுமா?"

"எங்க தேற? மோர் மாதிரி இருக்கு. இன்னும் ஆறு மாசம் ஊறட்டும்."

ஷிமேயின் முகம் தொங்கிப்போனது. "நீங்க சொன்னா சரிதான்க்கா" என்றான். குழாயைக் காட்டுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் ஓடி வந்தான்.

"அக்கா, உங்க ஆணித் தண்ணி தெளிஞ்சிருச்சு! டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். பீரங்கிக்குன்னு வச்சிருந்த எடத்துல உங்க ஆணிங்கதான், உங்க பேரு போட்டு!"

"நெசமாவா பாத்தே?"

"ரெண்டு தடவ பாத்தேன். என்னக்கா, மூஞ்சி இப்படிப் போகுது?"

நெவென்காவுக்குச் சந்தேகமே இல்லை. பொய் சொல்கிறான். நேற்றைய வேலையைக் கண்டுபிடித்துவிட்டான். ஊரே பார்க்க என் ஆணிகள் துரு வியர்க்கட்டும் என்று பழிவாங்குகிறான். அவன் இடத்தில் இருந்தால் அவளே அதைத்தான் செய்வாள்.

பத்து மணிக்கு எல்லோரும் பொரித்த மத்தி தின்னக் கீழே போனார்கள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் தண்ணீரைத் தானே குழாயில் எடுத்தாள். அமிலம். நாலு சொட்டு. வெளுத்துவிடு, வெளுத்துவிடு என்று மனசார வேண்டினாள். வெளுத்தால் அவனும் அவளைப் போலத்தான்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூட்டம்கூட இல்லை.

"அக்கா, வாங்க!" கீழேயிருந்து ஷிமே கத்தினான். "உங்க பங்கு மீனத் தனியா எடுத்து வச்சிருக்கேன், ஆறுது!"