பட்டியலில் இல்லாத துவக்கு

எனக்குக் கையெழுத்து வடிவு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்தால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன். முப்பத்துநாலு வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் என்னை விடவில்லை. கோயில் திருவிழா நோட்டீசா, செத்தவீட்டு அஞ்சலியா, கமக்காரர் சங்கக் கூட்டக் குறிப்பா, எது என்றாலும் கந்தோர் அக்காவிடம் கொண்டு போ என்பார்கள். ஒருவரும் இதுவரை ஒரு பேனையாவது வாங்கித் தந்ததில்லை.

போன மாசி மாதம் சங்கத்தில் ஒரு விசேட கூட்டம் வைத்தார்கள். துவக்கு, அதுதான் துப்பாக்கி, அதற்கான சட்டத்தை மாற்றப்போகிறார்களாம், தோட்டம் செய்கிற கமக்காரருக்குத் துவக்கு அனுமதி கொடுக்கப் போகிறார்களாம் என்று கதை. ஆனால் துவக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் பதிய வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், டொக்டரின் துண்டும் பொலிசின் அறிக்கையும் கொடுக்க வேண்டும். இதைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தென்மராட்சிப் பக்கம் இப்போது குரங்குகளின் ராச்சியம். தென்னையில் குரும்பட்டி மிஞ்சுவதில்லை. பிலாக்காயை ஒரு கடி கடித்துவிட்டு எறிகின்றன. சீனவெடி கொளுத்தினால் பக்கத்து மரத்துக்குப் போய் இருந்துகொண்டு எங்களைப் பார்க்கின்றன. அதனால் அன்றைக்கு வாசிகசாலை மண்டபத்தில் இருக்கக் கதிரை போதவில்லை. நான் வழக்கம்போலத் தலைவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருந்தேன்.

முதலில் எழும்பியது வாழைத்தோட்டம் செய்கிற ஒரு பிள்ளை. புருசன் வெளிநாட்டில், இவள்தான் தனிய நின்று பாடுபடுகிறாள். எந்தச் சட்டமென்றாலும் பரவாயில்லை, பதியச் சொன்னால் பதிகிறேன், எனக்கு ஒரு துவக்கைத் தாருங்கள் என்றாள். அவளுக்குப் பிறகு மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வாத்தியார் எழும்பி, யாரிடம் துவக்கு இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாத காலத்தையும் நாங்கள் பார்த்தவர்கள்தானே, பதிவு கட்டாயம் வேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னார். பின்வரிசை வாங்கில் இருந்த தென்னந்தோட்டக்காரர் அதற்கு விடவில்லை.

"வாத்தியார், பதிஞ்சால் பட்டியல் ஒண்டு இருக்கும். பட்டியல் இருந்தால் ஆரோ ஒருத்தன் அதைக் கையிலை வைச்சுக்கொண்டு படலையைத் தட்டுவான். அண்டைக்கு அப்பிடித்தானே எங்கடை துவக்கெல்லாம் போனது?"

 வயதான ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். நாற்பது வருடத்துக்கு முந்தி, ஆயுதம் தூக்கிய பெடியள் வீடு வீடாக வந்து கமக்காரரின் லைசென்ஸ் துவக்குகளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டையும் தேடவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. பெயரையும் துவக்கின் இலக்கத்தையும் வாசித்துவிட்டு, எடுத்துத் தாருங்கள் ஐயா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியல் எங்கிருந்து போனது என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. நான் கொப்பியை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

அப்போதுதான் என் அண்ணை எழும்பினார். எனக்கு ஆறு வயது மூத்தவர், இப்போது எழுபது ஆகப்போகிறது. கூட்டங்களில் வாய் திறக்காத மனிசன்.

"பட்டியலிலை பிழையில்லை" என்றார். "எல்லா வீட்டிலையும் துவக்கு மட்டும்தான் போனது. எங்கடை வீட்டுக்கு அவங்கள் வரேல்லை. எங்கடை ஐயா ஆரையோ பிடிச்சுத் தன்ரை துவக்கைக் காப்பாத்திப்போட்டார். துவக்கைக் காப்பாத்தித் தம்பியைக் குடுத்தார். உப்பிடியான ஆக்களுக்குத்தான் சட்டம் வேணும். எழுது தங்கச்சி, இதையும் எழுது."

நான் எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி, கொப்பியில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன். என்னைப்போல ஒரு பாவி இருப்பாளா?

ஐயா என்று நாங்கள் கூப்பிடுகிற தகப்பனாரின் துவக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒற்றைக்குழல் துவக்கு. அந்தக் காலத்தில் குரங்கு இவ்வளவு இல்லை. மாம்பழத்துக்கு வௌவால் வரும், கிளி வரும், ஐயா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். அவர் சுட்டு ஒரு குருவி விழுந்ததை நான் கண்டதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கிற நாளில் மட்டும் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி கஞ்சி போட்ட வேட்டியும் சால்வையுமாக வெளிக்கிடுவார். அம்மா நக்கலடிப்பா, மாப்பிள்ளை எங்கே போகிறார் என்று. ஐயாவுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வார். வாழ்க்கையில் அரசாங்கம் தன் பெயரை எழுதி முத்திரை குத்தித் தந்தது அது ஒன்றுக்குத்தான் என்பார்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கந்தோரில் வேலை கிடைத்தது. துவக்குப் பதிவுப் புத்தகம் என் மேசைக்கு வந்தது. ஒருநாள் மத்தியானம் இரண்டு பெடியள் வந்தார்கள். மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. அக்கா, உந்தப் புத்தகத்திலை இருக்கிற ஆக்களின்ரை பேர் விலாசத்தை ஒருக்கா வடிவாய் எழுதித் தாங்கோ என்று மரியாதையாகக் கேட்டார்கள். நான் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருந்தன.

எழுதினேன். எங்கள் பகுதியில் இருபத்திரண்டு துவக்கு. பதினோராவது ஐயாவின் பெயர். பேனை பத்தில் நின்றது. கலியாண வேட்டியும் சால்வையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பதினொன்றை விட்டுவிட்டுப் பன்னிரண்டாவது பெயரைப் பதினொன்றாக எழுதினேன். பட்டியலில் இருபத்தொரு பெயர்தான் இருந்தது. மடிப்புக் குலையாமல் வாங்கிக்கொண்டு நன்றி அக்கா என்று சொல்லிப் போனார்கள்.

வந்து துவக்கு சேர்த்தவர்கள் வேற்றூர்ப் பெடியள். தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் படலை தட்டினார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஐயாவால் அதை நம்ப முடியவில்லை. இரண்டு கிழமை பயந்துகொண்டிருந்தவர், பிறகு வருகிறவர் போகிறவரிடம் சொல்லத் தொடங்கினார், எனக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு, அதுதான் கேக்கேல்லை என்று. குசினியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சந்தோசம் பொங்கியது. ஐயாவுக்கு நான் கொடுத்த சீதனம் என்று நினைத்தேன். விசரி.

அந்தக் கதை ஊரில் வேறு மாதிரிப் போனது. துவக்குப் பறிகொடுத்த வீட்டுக்காரர் அம்மாவைக் கண்டால் கதையை நிற்பாட்டினார்கள். அந்த வீட்டுக்கு மட்டும் என்ன விசேசம், அவர்கள் ஆரோடு தொடர்பு என்று கிணற்றடியில் கேட்டார்கள். தம்பிக்கு அப்போது பதினெட்டு. எங்கள் மூன்று பேரில் கடைசி. தேர் அன்று கோயில் வீதியில் கூட்டாளிகள் அவனோடு தேர் வடம் பிடிக்க மாட்டோம் என்று தள்ளி நின்றார்களாம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான், சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து, ஐயா சந்தைக்கும் நான் கந்தோருக்கும் போன நேரம், துவக்கைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். அம்மா அடுப்படியில் இருந்தபடி எங்கே என்று கேட்டிருக்கிறா. சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு வாறன் என்று சொல்லியிருக்கிறான்.

மூன்றாம் நாள் யாரோ சைக்கிளை மட்டும் கொண்டுவந்து படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். துவக்கைக் கொடுக்கப் போனவன் துவக்கோடு தானும் அவர்களோடேயே நின்றுவிட்டான். ஒன்றரை வருடத்தில் அவன் செத்த செய்தி வந்தது. உடம்பு வரவில்லை. என் கையால் அந்த ஒரு பெயரையும் எழுதியிருந்தால் இரண்டு பெடியள் வந்து, எடுத்துத் தாருங்கள் ஐயா என்று கேட்டு, வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஐயா நாலு நாள் முகம் தொங்கியிருப்பார். தம்பி தேர் வடம் பிடித்திருப்பான். இன்றைக்கு வயிறு வைத்த ஒரு கிழவனாக இந்தக் கூட்டத்தில் இருந்து குரங்கைத் திட்டிக்கொண்டிருப்பான்.

அண்ணை ஐயாவை நேருக்கு நேர் கேட்டார், ஆரைப் பிடிச்சனீங்கள் என்று. ஐயாவால் பதில் சொல்ல முடியவில்லை, அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே. அந்த மௌனத்தை அண்ணை ஒப்புதல் என்று எடுத்தார். காணியின் மற்ற அந்தத்தில் வீடு கட்டிப் போனார். பதினாறு வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அம்மா அந்தக் கவலையிலேயே போனா. ஐயா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று நாளும், பெரியவனைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை என்று என்னைக் கேட்டார். மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரியில் இருந்து சைக்கிளில் வந்து அண்ணையின் வாசலில் நின்றேன். வாறன் என்றார், வரவில்லை. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு வந்து கொள்ளி வைத்தார்.

அந்த மூன்று நாளில் ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. தம்பியும் போய், அம்மாவும் போய், ஐயாவும் போகிற நேரம். கலியாணமும் கட்டவில்லை. சொன்னால் அண்ணையும் இல்லாமல் போய்விடுவார் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் முழுக்க, அனுப்ப வேண்டிய கடிதத்தைச் செம்மையாகப் பிரதி பண்ணினேன். வாழைத்தோட்டப் பிள்ளை சொன்னது, வாத்தியார் சொன்னது, தென்னந்தோட்டக்காரர் சொன்னது எல்லாம் எழுதினேன். பேசியவர்கள் தங்கள் கருத்துக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணை அதற்கடுத்த நாள் காலையில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார்.

"நான் ஐயாவைப் பற்றிச் சொன்னது எங்கை?"

விட்டிருந்தேன். நாற்பது வருடத்துக்குப் பிறகும் அதே கை, அதே வேலை. சத்தியமாக, அவர் கேட்கும்வரை நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைக்கவில்லை. அந்த வெள்ளைத் தாளைப் பார்க்க எனக்கு என்னிலேயே அருவருப்பு வந்தது.

"அது பொய் அண்ணை. ஐயா ஒருத்தரையும் பிடிக்கேல்லை. அண்டைக்குப் பட்டியல் எழுதினது நான். ஐயாவின்ரை பேரை நான்தான் விட்டனான்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். வெளியில் குரங்குகள் பிலா மரத்தை உலுக்கிக்கொண்டிருந்தன, இரண்டு பேரும் எழும்பவில்லை.

"ஐயாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"எனக்கு ஒரு மரியாதை இருக்கெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சாரே."

"ஓம். அவர் அப்பிடித்தான் நினைச்சவர்."

 அவர் தாளை என் பக்கம் தள்ளினார். என்ன நடந்ததோ அதை எழுது என்றார். எங்கள் தகப்பனாரின் துவக்கு பட்டியலில் இல்லாமல் போனதற்கு அவர் காரணமில்லை என்று எழுதினேன். வேறென்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். பட்டியல் எழுதுகிற ஆளுக்குத் தன் சொந்தக்காரரின் பெயர் அதில் இருக்கக் கூடாது, அப்படி ஒரு விதி வேண்டும், அதையும் போடு என்றார். போட்டேன். அவர் கையெழுத்து வைத்தார். 

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"அந்த மூண்டு நாளும் என்ரை படலையிலை வந்து நிண்டனீ. ஒருக்காச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பன், தங்கச்சி."

இப்போது நாலு மாதமாகிறது. கடிதத்துக்குப் பதில் இல்லை, சட்டம் வந்ததாகவும் தெரியவில்லை. அண்ணை ஐயாவின் திவசத்தை இந்த முறை தன் வீட்டில் வைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார் என்று கேள்வி. எனக்குச் சொல்லவில்லை. கிணற்றடியில் கண்டால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நான் போகும்வரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார். எனக்கு இது வேண்டும்தான்.

எங்களில் யார் முந்துவோம் என்று தெரியாது. நான் முந்தினால் வீட்டோடு நின்று என்னைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் நான் அண்ணை அண்ணை என்று கூப்பிட்டாலும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டாம். சொல்லி, அவர் வராமல் விட்டால், அதையும் சேர்த்து அந்த மனிசன் எத்தனை வருடம் சுமக்கிறது?